மெல்வில்லை எப்படிப் பார்ப்பது: ஜோகன்னஸ்பர்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டர்பனில் வசிக்கும் ஒரு குடும்பத்தார் உறவுக்காரர் திருமணத்துக்காக ஜோகன்னஸ்பர்க் வருகிறார்கள். சனிக்கிழமை திருமணம் முடிந்துவிடும். ஞாயிறு முழுவதும் கையில் இருக்கிறது. திங்கள் காலை ஊர் திரும்ப வேண்டும். பேரங்காடிகளைப் பார்த்துச் சலித்துவிட்டதால், பெருநகருக்குள் ஒரு கிராமம்போல இருக்கிறது என்று பலரும் சொல்லும் மெல்வில் பகுதியில் அந்த நாளைக் கழிக்கலாமா, அங்கே நடந்து திரிய முடியுமா, பார்க்க என்ன இருக்கிறது, சைவம் மட்டுமே உண்ணும் பெரியவர்களுக்கு உணவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். டர்பனிலிருந்து இப்படி ஒரு கேள்வி தமிழில் எழுதப்பட்டு வருவதே இப்போது அரிது என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். பல்கலைக்கழக வேலைக்காகத் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்த புதிதில் ஆறு ஆண்டுகள் மெல்வில்லில்தான் வாடகைக்குக் குடியிருந்தேன். பிறகு நகருக்குத் தெற்கே இந்தியர் வாழும் லெனேசியாவில் பெண் எடுத்தேன். ஆகவே அந்த இடத்தின்மேல் எனக்குப் பற்றும் உண்டு, சிறிது மனத்தாங்கலும் உண்டு.

தாராளமாகப் போகலாம். ஆனால் மெல்வில்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே காலைப் பொழுதைக் கழித்துவிட்டு, அதன் மேற்கே சில நிமிடப் பயணத்தில் இருக்கும் சோஃபியாடவுனையும் தெற்கே இந்தியர் கடைகள் நிறைந்த ஃபோர்ட்ஸ்பர்கையும் அதே நாளில் பார்த்தால்தான், இந்த நகரத்தில் ஒரு 'கிராமம்' எப்படி மிஞ்சியது, இன்னொன்று ஏன் மிஞ்சவில்லை என்பது புரியும்.

ஜோகன்னஸ்பர்கில் கிராமம் என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. பார்க்ஹர்ஸ்ட், கிரீன்சைடு, லிண்டன், நார்வுட் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கடைத்தெருவும் நடைபாதை மேசைகளும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இருக்கும். பார்க்ஹர்ஸ்ட்வாசிகள் 2014-இல் ஒன்றுகூடித் தங்கள் தெருக்களுக்குக் கண்ணாடியிழை இணைய வசதியைக் கொண்டுவந்தவர்கள். வசதியானவர்கள் சேர்ந்தால் எதையும் சாதிக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. மெல்ரோஸ் ஆர்ச் என்ற ஒன்று இருக்கிறது. அது கட்டட நிறுவனத்தார் வரைபடம் போட்டு, காவல் வைத்து எழுப்பிய புதிய வளாகம். அங்கே தெருக்கள் உண்டு, ஊர் இல்லை. இவற்றுள் மெல்வில்லையே நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது முதலில் ஏழைபாழைகளுக்கும் நடுத்தர வெள்ளையருக்குமான சின்ன வீட்டுக் குடியிருப்பாகத் தொடங்கிப் பின்னால் நாகரிகமானது. அதன் பழைய எலும்புக்கூடு இன்னும் வெளியே தெரிகிறது.

தங்கம் 1886-இல் கிடைத்தது. நகரமும் அதே ஆண்டில் பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1896-இல், பிராம்ஃபோண்டெய்ன் பண்ணையின் ஒரு பகுதி அளந்து மனைகளாகப் பிரிக்கப்பட்டது. எட்வர்ட் ஹார்க்கர் வின்சென்ட் மெல்வில் என்ற நில அளவையாளரின் பெயரே இடத்துக்கு வைக்கப்பட்டது. ஊருக்குத் தலைவர்கள் பெயரும் சாமிகள் பெயரும் வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, சங்கிலி பிடித்து அளந்த ஒருவரின் பெயர் நிலைத்திருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தெருக்களுக்குப் பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஒரு திசையில் செல்பவை எல்லாம் எண்ணிட்ட அவென்யூக்கள், குறுக்கே செல்பவை எண்ணிட்ட ஸ்ட்ரீட்டுகள். முதல்முறை வருகிறவர்கள் 4-வது அவென்யூவையும் 4-வது ஸ்ட்ரீட்டையும் குழப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது வழக்கம். நீங்கள் செல்பேசியில் வழி தேடும்போது இதை மட்டும் கவனியுங்கள்.

கிராமத் தன்மைக்கு இந்த அளவையே முதற்காரணம். மனைகள் சிறியவை, வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை, ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த முனைக்குச் சில நிமிடத்தில் நடந்துவிடலாம். இரண்டாவது காரணம் மலை. வடக்கே பாறைக் குன்றுத் தொடர் ஒன்று வேலிபோலக் கிடப்பதால், அந்தப் பக்கம் ஊர் பரவ இடமில்லை. மூன்றாவது காரணம் அக்கம்பக்கம். ஆக்லண்ட் பார்க்கில் தேசிய ஒலிபரப்பு நிறுவனமும், இப்போது ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் என்றழைக்கப்படும் பழைய ஆப்பிரிக்கான்ஸ் பல்கலைக்கழகமும் நடந்து போகும் தொலைவில் அமைந்தன. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976 ஜனவரியில்தான். அதன் பிறகு ஒலிபரப்பு ஊழியர், நடிகர், பத்திரிகையாளர், விரிவுரையாளர், மாணவர் என்று ஒரு கூட்டம் இந்தச் சின்ன வீடுகளைத் தேடிக் குடியேறியது. இரவில் வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் காப்பியும் பீரும் அரட்டையும் வேண்டியிருந்தன. மெல்வில்லின் கடைத்தெருவான 7-வது தெரு அப்படித்தான் உருவாயிற்று.

உங்கள் நாளைக் குன்றிலிருந்து தொடங்குங்கள், கடைத்தெருவிலிருந்து அல்ல. மெல்வில் கொப்பீஸ் என்று அதற்குப் பெயர். கொப்பி என்றால் ஆப்பிரிக்கான்ஸில் சிறு குன்று. 1959-இல் இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதன் மையப் பகுதி வேலியிட்டுப் பூட்டப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தன்னார்வலர்கள் வந்து திறந்து, வழிகாட்டி அழைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருவது அதனால்தான் அதிர்ஷ்டம். அந்த வாரம் நடை உண்டா, எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாக, வழிகாட்டி இல்லாமல் குன்றில் ஏற வேண்டாம்.

ஏறியதும் காலடியில் இருக்கும் படிகக்கல் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையானது. தங்கம் தாங்கிய விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறை வரிசையின் அடித்தளப் படிவுகள் இங்கே சாய்ந்து வெளியே தலைநீட்டுகின்றன. தங்கப் படிவு இதற்குத் தெற்கே இருக்கிறது. ஒரு காலத்தில் ஆழமற்ற கடலோரமாக இருந்த இடம் என்பதற்கு அடையாளமாக, சில பாறைப் பரப்புகளில் அலை வரைந்த வரிகளை வழிகாட்டிகள் காட்டுவார்கள். பிள்ளைகள் இருந்தால் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அங்கே முதன்மையானது ஓர் உலைதான். ரெவில் மேசன் என்ற தொல்லியல் பேராசிரியர் 1963-இல் அகழ்ந்து கண்டெடுத்த இரும்பு உருக்கும் உலை அது. வெள்ளையர் வந்து தங்கம் தோண்டும்வரை இந்த மேட்டுநிலம் வெறுங்காடாகக் கிடந்தது என்று இந்நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். தங்கச் சுரங்கத்துக்குப் பல நூறாண்டு முன்பே இங்கே ஆப்பிரிக்க மக்கள் கால்நடை வளர்த்து, கல்லடுக்கிப் பட்டி கட்டி, தாது எடுத்து, துருத்தி ஊதி இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சிறிய மண் உலை சாட்சி. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நம் ஊர்ப் பக்கத்துச் சூளைக்கும் சின்னது. அதன்முன் இரண்டு நிமிடம் நின்றால் போதும், கீழே தெரியும் நகரத்தின் வயது திடீரென்று கூடிவிடும்.

குன்றின் மேற்குப் பகுதியில் வெள்ளையாடையும் பச்சைக் கச்சையும் அணிந்தவர்கள் பாறைகளுக்கிடையே வட்டமாக நின்று பாடி வழிபடுவதைக் காணலாம். கட்டடம் இல்லாத ஆப்பிரிக்கத் திருச்சபைகள் பல அங்கே கூடுகின்றன. மலையேறிக் கும்பிடுவது நமக்குப் புதிதல்ல. ஆகவே தொலைவிலிருந்தே பார்த்துவிட்டு, படம் எடுக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் குன்றில் ஏற வேண்டியதில்லை. குன்றின் வடபுறத்தில் எம்மரென்ஷியா அணைக்கட்டும் தாவரவியல் பூங்காவும் இருக்கின்றன. பிராம்ஃபோண்டெய்ன் பண்ணையை வைத்திருந்த கெல்டன்ஹைஸ் குடும்பத்து லோவ் என்பவர், ஆங்கில-போயர் போர் 1902-இல் முடிந்த பிறகு நிலமிழந்து திரிந்த போயர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அந்த அணையைக் கட்டினார். தன் மனைவியின் பெயரையே அப்பகுதிக்கு வைத்தார். பஞ்ச காலத்தில் குளம் வெட்டிக் கூலி கொடுத்த கதை நம்மிடமும் உண்டல்லவா, அதே வகைதான். பெரியவர்களை அங்கே ரோசாத் தோட்டத்தருகே ஒரு பெஞ்சில் அமர்த்திவிட்டுப் போனால் இரண்டு மணி நேரம் நிம்மதியாகக் கழியும். ஹாடிடா பறவைகள் மட்டும் தலைக்குமேல் கத்திக்கொண்டே போகும். உங்கள் ஊரிலும் அவை உண்டு என்பதால் பயப்பட மாட்டார்கள்.

குன்றை விட்டு மெல்வில் தெருக்களுக்குள் வந்தபின் வீடுகளைப் பாருங்கள். நெளிதகரக் கூரை, உள்ளே பூவேலைப்பாடு அச்சிட்ட தகட்டு விதானம், பைன் மரப் பலகைத் தளம், முன்னால் தூண் வைத்துத் தாழ்வாரம். இங்கே அதை ஸ்டூப் என்பார்கள். ஸ்டூப் என்றால் வேறொன்றுமில்லை, திண்ணைதான். மாலையில் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார், தெருவில் போகிறவர் அவரைப் பார்த்து நலம் விசாரிப்பார். ஒரு குடியிருப்பை ஊராக்குவது இந்தப் பார்வைப் பரிமாற்றம். நான் குடியிருந்த வீட்டிலும் ஒரு ஸ்டூப் இருந்தது. ஆனால் அதில் உட்கார்ந்தால் தெரிவது ஆறடி மதில்சுவரும் அதன்மேல் ஓடிய மின்வேலியும்தான். 1990-களிலிருந்து திருட்டு பயத்தால் தெருவுக்குத் தெரு மதில்கள் உயர்ந்தன. திண்ணைகள் எல்லாம் உள்ளே அடைபட்டன.

இதனால்தான் 7-வது தெருவுக்கு இவ்வளவு மதிப்பு என்பது என் கணிப்பு. வீட்டில் இழந்த திண்ணையை மெல்வில்காரர்கள் கடைவாசலில் தேடிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் கடைகளுக்கு முன்னால் பெரிய வாகன நிறுத்தம் கிடையாது. கதவு நேராக நடைபாதையில் திறக்கும். நடைபாதையின்மேல் தகரக் கூரை இறங்கியிருக்கும். அதன்கீழ் மேசை போட்டிருப்பார்கள். நீங்கள் நடந்தால் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்துக்கு இரண்டடி தொலைவில் நடப்பீர்கள். மதிலும் பேரங்காடியுமாகவே வளர்ந்த இந்த நகரத்தில் இது பெரிய விஷயம். வசதியானவர்களின் பேரங்காடிப் பகுதியான சாண்ட்டனில் ஆயிரம் கடை பார்த்தாலும் ஒரு மனிதர் உங்களைப் பார்த்துத் தலையசைக்க மாட்டார். இங்கே அசைப்பார்கள்.

காலை பத்தரை, பதினொரு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போவது நல்லது. வண்டியை நிறுத்தியதும் பளிச்சென்ற மேற்சட்டை அணிந்த கார் கார்ட் ஒருவர், வண்டியைப் பார்த்துக்கொள்பவர், வந்து நிற்பார். உங்கள் ஊர் வழக்கம்தான், திரும்பும்போது ஐந்தோ பத்தோ ராண்ட் கொடுத்தால் போதும். தெரு நீளமானது அல்ல. ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாக வர அரை மணி நேரம்கூட ஆகாது. ஆகவே கடைகளை எண்ணிக்கொண்டு ஓடாமல் ஒரு மேசையைப் பிடித்து உட்காருங்கள். பழைய புத்தகக் கடை கண்ணில் பட்டால் உள்ளே நுழையுங்கள். முன்பு இன்னும் அதிகம் இருந்தன, வாடகை ஏற ஏறக் குறைந்துவிட்டன. அருகிலுள்ள 4-வது அவென்யூவிலும் கடைகள் உண்டு. அங்கே கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஓர் அங்காடியும் எழுந்தது. துறைமுக நகரமான டர்பனிலிருந்து வருகிற உங்களுக்கு, கடலே இல்லாத ஊரில் சரக்குப் பெட்டியை அழகுப் பொருளாக்கியிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரலாம்.

அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வந்தால் ஜகரண்டா மரங்கள் பூத்து, நடைபாதை முழுவதும் ஊதா விரித்திருக்கும். மரங்களைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. மரத்தைத் துளைக்கும் நுண்வண்டு ஒன்று 2017-இல் உங்கள் பக்கத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில்தான் இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இப்போது ஜோகன்னஸ்பர்கின் பிளேன் மரங்களையும் மேப்பிள் மரங்களையும் அது அரித்துக்கொண்டிருக்கிறது. சில தெருக்களில் அடியோடு வெட்டிய மரங்களின் கட்டைகளைக் காண்பீர்கள்.

மெல்வில் எப்போதும் இனிமையாகவே இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மாணவர் கூட்டமும் இரவுக் கூடங்களும் பெருகிய காலத்தில் குடியிருந்தவர்கள் தூக்கமிழந்து வீட்டை விற்றுப் போனார்கள். 2020 புத்தாண்டு பிறந்த முதல் மணிகளில் 7-வது தெருவில் காரில் வந்தவர்கள் சுட்டதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஊர் அதிர்ந்துபோயிற்று. இப்போது பகலில் காவலர் நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு மட்டும் தெருவில் நடக்காமல் வண்டியிலேயே போய் வண்டியிலேயே வாருங்கள். செல்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு வரைபடம் பார்த்தபடி நடப்பதும் வேண்டாம். கடைக்குள் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அண்மை ஆண்டுகளில் இந்தப் பக்கத்து மேட்டு நீர்த்தேக்கங்கள் வறண்டு, குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் வராமல் போவதும் நடக்கிறது. தங்குவதாக இருந்தால் ஜோஜோ தொட்டி என்னும் தண்ணீர்ச் சேமிப்புத் தொட்டி வைத்திருக்கும் விடுதியா என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் இங்கே பலர். அத்தகைய ஒன்றில் நான் ஏற்பாடு செய்த விருந்தினர் இரண்டு நாள் வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு இன்றும் என்னைக் குத்திக்காட்டுகிறார்.

சைவ உணவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெல்வில்லில் காப்பி, ரொட்டி, காய்கறித் துண்டுகள், பீட்சா கிடைக்கும். முட்டை சேராத இனிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கும். மடி ஆசாரம் பார்க்கும் பெரியவர்களுக்கு அது நிறைவு தராது. ஆகவே அங்கே சிற்றுண்டியோடு நிறுத்திக்கொண்டு, மதியச் சாப்பாட்டை ஃபோர்ட்ஸ்பர்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம் சோஃபியாடவுனுக்கு.

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். மெல்வில் அளக்கப்பட்டபோது நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களும் வணிகர்களும் ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வாலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் 1885-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம், ஒதுக்கப்பட்ட தெருக்களுக்கும் வட்டாரங்களுக்கும் வெளியே இந்தியர் மனை வாங்குவதைத் தடுத்திருந்தது. வெள்ளையர் குடியிருப்புகளுக்குள் இந்தியர் நுழைந்தது பெரும்பாலும் காய்கறிக் கூடையுடன்தான். தெருத்தெருவாகக் கூவி விற்றவர்களுள் தமிழர் மிகுதி. 1908-இல் காந்தியின் அறப்போரில் உரிமம் இல்லாமல் வேண்டுமென்றே கூடை தூக்கிக் கைதானவர்களும் இவர்கள்தாம். தம்பி நாயுடு அவர்களுள் முன்னின்றவர்.

என் மனைவியின் பாட்டியை வீட்டில் எல்லோரும் ஆயா என்றுதான் அழைத்தோம். அவர் பிறந்தது ஃபோர்ட்ஸ்பர்கை அடுத்த பேஜ்வியூவில்; இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் வந்து அவர்களை நகருக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள லெனேசியாவுக்கு அனுப்பியது. நான் மெல்வில்லில் வீடு எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "முன்வாசல் வழியாவா போற?" சிறுமியாக இருந்தபோது தந்தையின் காய்கறி வண்டியோடு அந்தப் பக்கம் போனால் பின்கட்டுக் கதவில்தான் நிற்பார்களாம். இன்றும் மெல்வில் வீடுகளின் பின்முற்றத்தில் வேலைக்காரர் தங்குவதற்கென்று கட்டிய ஒற்றையறைகள் இருக்கின்றன; இப்போது அவற்றையே சாயம் பூசித் தோட்டக் குடில் என்று வாடகைக்கு விடுகிறார்கள். நான் முதலில் குடியிருந்ததும் அப்படி ஓர் அறையில்தான். ஆயாவிடம் அதைக் கடைசிவரை சொல்லவில்லை.

மெல்வில்லிலிருந்து வெஸ்ட்டீன் வழியாக மேற்கே போனால் சோஃபியாடவுன். ஹெர்மன் டோபியான்ஸ்கி என்ற நிலவணிகர் அதைப் பிரித்து, மனைவி சோஃபியாவின் பெயரை ஊருக்கும் பிள்ளைகளின் பெயர்களைத் தெருக்களுக்கும் வைத்தார். அருகே நகராட்சியின் கழிவுநீர்ப் பண்ணை இருந்ததால் வெள்ளையர் வாங்க முன்வரவில்லை; அதனால் கறுப்பினத்தவருக்கும் நிறத்தவர் எனப்பட்ட கலப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் மனைகள் விற்கப்பட்டன. கறுப்பினத்தவர் பத்திரம் பதிந்து சொந்த நிலம் வைத்திருந்த மிகச் சில நகர்ப்பகுதிகளுள் அது ஒன்று. சிறிய மனைகள், ஒட்டிய வீடுகள், தெருவில் கூடும் மக்கள், இசை, பத்திரிகை எழுத்து, மதுக்கடை, சண்டை எல்லாம் அங்கே இருந்தன. இன்று மெல்வில்லை ஏன் விரும்புகிறோமோ அதெல்லாம் அங்கே அதைவிடத் தாராளமாக இருந்தது. 1955 பிப்ரவரி 9 அன்று இரண்டாயிரம் காவலர்கள் சூழ்ந்துகொள்ள, சரக்கு வண்டிகளில் குடும்பங்களை ஏற்றி சோவெட்டோவின் மெடோலேண்ட்ஸுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். பிறகு வீடுகளை இடித்து, வெள்ளைத் தொழிலாளருக்குப் புதிய வீடுகள் கட்டி, ஊருக்கு டிரியோம்ஃப் என்று பெயரிட்டார்கள். வெற்றி என்று பொருள். பழைய பெயர் 2006-இல்தான் திரும்பியது.

அங்கே போனால் பார்க்க மிகக் குறைவாகவே இருக்கும். அதைப் பார்ப்பதற்காகத்தான் போகச் சொல்கிறேன். அருட்தந்தை டிரெவர் ஹடில்ஸ்டன் பணியாற்றிய கிறிஸ்து அரசர் ஆலயம் நிற்கிறது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவராக இருந்த மருத்துவர் ஏ. பி. சூமாவின் வீடு டோபி தெருவில் தப்பியிருக்கிறது. இப்போது அது நினைவகம். மற்றபடி ஒழுங்கான, அமைதியான, சற்றே அகன்ற மனைகளில் ஒரே மாதிரி வீடுகள். மெல்வில்லின் நெருக்கத்தைக் கண்ட கண்ணோடு நேரே இங்கே வந்தால், எது வெட்டியெடுக்கப்பட்டது என்பது விளக்கம் இல்லாமலே விளங்கும். ஞாயிறன்று நினைவகம் திறந்திருக்கிறதா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் தெருவில் நடந்து பார்க்கலாம்.

சோஃபியாடவுனிலிருந்து ஃபோர்ட்ஸ்பர்குக்குத் திரும்பும் வழியில் பிரிக்ஸ்டன் மேடு வரும். 237 மீட்டர் உயர ஒலிபரப்புக் கோபுரத்தை நாள் முழுவதும் எங்கிருந்தும் பார்த்திருப்பீர்கள். அது அந்த மேட்டில்தான் இருக்கிறது. பிரிக்ஸ்டன் இடுகாட்டில் 1918-இல் செங்கல்லால் கட்டிய இந்து எரியூட்டகம் உண்டு. அந்த மேட்டில் வாழ அனுமதிக்கப்படாத நம்மவர்கள் எரிக்கப்பட மட்டும் அனுமதி வாங்கினார்கள். இறங்கிப் பார்க்க நேரமில்லையென்றால் வண்டியில் கடந்து போகும்போதாவது பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஃபோர்ட்ஸ்பர்கில் மின்ட் ரோடுதான் சாப்பாட்டுத் தெரு. சைவக் கடைகளும் இனிப்புக் கடைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிவரை சோறு கிடைப்பதில் சிக்கல் இராது. ஓரியன்டல் பிளாசா என்ற துணிக்கடை வளாகம், பேஜ்வியூவின் 14-வது தெருவிலிருந்து விரட்டப்பட்ட இந்திய வணிகர்களுக்காக 1970-களில் கட்டப்பட்டது. பெண்கள் உள்ளே நுழைந்துவிட்டால் நாள் அங்கேயே முடிந்துவிடும் என்பதால், முதலில் ஹமீதியா பள்ளிவாசலைப் பார்த்துவிடுங்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று அங்கேதான் காந்தியின் அறப்போரில் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் இட்டு எரித்தார்கள்; அந்தக் கொப்பரையின் நினைவாக ஒரு சிற்பம் நிற்கிறது.

கடைசியாக, வெயில் தாழ்வதற்குள் பிராம்ஃபோண்டெய்ன் இடுகாட்டுக்குப் போங்கள், ஃபோர்ட்ஸ்பர்கிலிருந்து பக்கம்தான். தில்லையாடி வள்ளியம்மை அங்கே இருக்கிறாள். அதே அறப்போரில் சிறை சென்று, அங்கே கண்ட காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாவது வயதில் இறந்தவள். ஜோகன்னஸ்பர்கிலேயே பிறந்தவள், தில்லையாடியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. 1909-இல் சிறைக்கொடுமையால் இறந்த நாகப்பனின் கல்லறையும் அங்கேயே உண்டு. நுழைவாயிலில் இருக்கும் அலுவலரிடம் பெயரைச் சொன்னால் வழி காட்டுவார்.

கோடைக்காலமாக இருந்தால் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டும். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தும்விடும். குளிர்காலமென்றால் மழை இராது, ஆனால் 1,750 மீட்டர் உயரத்து ஊர் என்பதால் சூரியன் சாய்ந்த கையோடு குளிர் எலும்பைத் தொடும். டர்பன் சட்டையோடு வராமல் பெரியவர்களுக்குச் சால்வை எடுத்து வாருங்கள். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டால் குன்றையும் 7-வது தெருவையும் விட்டுவிட்டு, நகரின் வடகிழக்கில் நார்வுட் கடைத்தெருவுக்குப் போகலாம். அதை ஒட்டிய ஆர்ச்சர்ட்ஸ் பகுதியில், 1908-09 ஆண்டுகளில் காந்தியும் அவர் நண்பர் கல்லன்பாக்கும் சேர்ந்து வாழ்ந்த கூரைவீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்து மெல்ரோஸ் சிவசுப்பிரமணியர் கோயிலும் தொலைவில்லை. தைப்பூசத்தன்று காவடி பார்த்துப் பழகிய உங்களுக்கு, கோடீசுவரர் மாளிகைகளுக்கு நடுவே முருகன் கோயில் எப்படி வந்தது என்ற கேள்வி எழும். கோயில் பெரியவர்களிடமே கேளுங்கள். வெளுப்புத் தொழிலாளர் காலத்திலிருந்து தொடங்கி, பொறுமையாகச் சொல்வார்கள்.